மணல் மனிதனும் மாத்திரைச் சீட்டும்

அன்புள்ள ஐயா,

கோடை விடுமுறையில் என் பத்து வயது மகனோடு டோபி மக்வயர் நடித்த ஸ்பைடர்மேன் படங்கள் மூன்றையும் வரிசையாகப் பார்த்தேன். இரண்டாம் பாகம்தான் உச்சம், மூன்றாவது சொதப்பல் என்பது என் எண்ணம். ஒரே படத்தில் மூன்று வில்லன்கள், போதாததற்கு நடுத்தெருவில் அந்த டான்ஸ். விமர்சனங்களையும் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். அவனோ மூன்றாவதுதான் பெஸ்ட், வசூலும் அதுக்குத்தான் அதிகம் என்று அடம் பிடிக்கிறான். தொடர் படங்கள் ஏன் முந்தைய படங்களின் தரத்தை எட்டுவதில்லை? அவனுக்கு எப்படிப் புரியவைப்பது?

கே.

அன்புள்ள கே.,

மகனோடு உட்கார்ந்து மூன்று படம் பார்த்திருக்கிறீர்கள், உங்களைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது. விமர்சனங்களை வாசித்துக் காட்டினேன் என்றதும் தலையில் குட்டத் தோன்றியது. பத்து வயதுப் பையனுக்கு எதற்கய்யா விமர்சனம்? உங்களுக்கு என்ன பட்டது என்று சொல்ல வாய் இல்லையா?

வசூலை விடுங்கள். 2007இல் வந்த மூன்றாம் பாகம் உலகம் முழுக்க ஏறக்குறைய 89 கோடி டாலர் அள்ளியது உண்மை. அது இரண்டாம் பாகம் சேர்த்துவைத்த கூட்டம். டான்ஸையும் விடுங்கள், எனக்கு அது பிடிக்கும். தெருவில் போகும் பெண்களெல்லாம் தன்னையே பார்ப்பதாக நினைத்துக்கொள்ளும் அசடு அப்படித்தான் ஆடும். வில்லன் கணக்கும் எனக்கு ஒரு பொருட்டில்லை. வெனம் என்ற பாத்திரம் தயாரிப்பாளர் அவி ஆராட் வற்புறுத்தியதால் வந்தது, இயக்குநர் சாம் ரெய்மிக்கு அதில் மனம் ஒட்டவில்லை, அது திரையிலும் தெரிகிறது. அதற்காகத் தலையை எண்ணிக்கொண்டா இருப்பது? பாரதத்தில் எதிரணியில் நூறு அண்ணன் தம்பிகள். யாராவது குறை சொன்னோமா?

என் மனத்தாங்கல் வேறு. மூன்றாம் பாகம் தான் மட்டும் கெட்டுப்போயிருந்தால் மன்னித்திருப்பேன். அது முதல் பாகத்துக்குள் கையை விட்டுவிட்டது.

2002இல் வந்த முதல் படத்தை நினைத்துப் பாருங்கள். மல்யுத்தம் நடத்துகிறவன், ஸ்பைடர்மேனாகிற பையன் பீட்டருக்குப் பேசிய பணத்தைக் கொடுக்காமல் ஏமாற்றுகிறான். அவனுடைய கல்லாவைக் கொள்ளையடித்துவிட்டு ஒருவன் ஓடிவருகிறான். பிடித்திருக்கலாம். எனக்கென்ன என்று பீட்டர் வழிவிடுகிறான். அதே ஆள்தான் சற்றுநேரத்தில் பீட்டரை வளர்த்த பென் அங்கிளைச் சுட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போகிறான். நகரத்தைக் காப்பாற்றுவதெல்லாம் அந்த ஒரு நொடிக்காக அவன் கட்டுகிற வட்டி.

2004இல் வந்த இரண்டாம் பாகத்தின் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள். எனக்கு அந்தப் படத்தில் நினைவிருப்பது ஒரு கை. பென்னின் மனைவி மே ஆன்ட்டி (நம் முறைக்குப் பெரியம்மா) மேசைக்கு எதிரே உட்கார்ந்து பீட்டரின் கைமேல் கை வைத்திருக்கிறாள். அன்று அந்தத் திருடனைத் தடுத்திருக்கலாம், விட்டுவிட்டேன் என்று அவன் சொல்கிறான். அவள் திட்டவில்லை, அழவில்லை. கையை மெல்ல இழுத்துக்கொள்கிறாள். எழுந்து மாடிக்குப் போய்விடுகிறாள். மே ஆன்ட்டியாக நடித்த ரோஸ்மேரி ஹாரிஸுக்கு அப்போது எழுபது வயது தாண்டியிருந்தது. அந்தக் கை விலகும் வேகத்தை யார் சொல்லிக்கொடுத்திருக்க முடியும்!

மூன்றாம் பாகத்தில் போலீஸ் பீட்டரையும் மே ஆன்ட்டியையும் உட்காரவைத்துச் சொல்கிறது: சுட்டது அந்தத் திருடன் இல்லை, ஃபிளின்ட் மார்க்கோ என்று வேறொருவன். பிறகு மணல் மனிதனாகிறவன் அவன்தான். பீட்டருக்குக் கோபம் வருகிறது, பழிவாங்கக் கிளம்புகிறான். முன்பு அந்த மேசையில் நடந்ததைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பீட்டர் விட்டுவிட்ட திருடன் ஓடிவந்த பதற்றத்தில்தானே மார்க்கோவின் துப்பாக்கி வெடித்தது, முடிச்சு அறவில்லையே என்று நீங்கள் வாதாடலாம். கணக்குப்படி சரிதான். ஆனால் சுமை தோள் மாறிவிட்டது. கடைசியில் மார்க்கோ பீட்டரிடம் வந்து தன் கதையைச் சொல்கிறான், பீட்டர் அவனை மன்னிக்கிறான். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் மன்னிக்கிற இடத்துக்குப் போய்விட்டான். இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

எனக்குப் பதினைந்து வயது. தாத்தாவுக்கு இளைப்பு முற்றியிருந்தது. சித்தப்பா ஒரு சீட்டைக் கொடுத்து மருந்துக்கடைக்கு அனுப்பினார். வழியில் கேரம் போர்டு. ஒரு ஆட்டம் என்று நின்றவன் மூன்று ஆட்டம் ஆடினேன். திரும்பியபோது வாசலில் செருப்புகள் கிடந்தன. சட்டைப்பையில் மாத்திரை அட்டை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பல வருஷம் கழித்து அப்பத்தாவிடம் மட்டும் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை ஒருகணம் நின்றது. பிறகு அடுத்த காம்பை எடுத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவளும் போனபிறகு, ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பேச்சுவாக்கில் சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "எந்த மாத்திரைடா? டாக்டர் மத்தியானமே கைய விரிச்சிட்டாரு. சின்னப்பய அங்கன நிக்க வேணாம்னு சும்மா ஒரு சீட்ட எழுதிக் குடுத்துவிட்டோம்."

நிம்மதி வந்திருக்க வேண்டும். இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். அவ்வளவு கோபம். இன்றுவரை நான் யாருக்கும் எதையும் தாமதமாகக் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை. மருந்து வாங்கப் போனால் வழியில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன். சும்மா ஒரு சீட்டாம்!

அப்பத்தாவுக்கும் இது தெரிந்திருக்கும்தானே. அன்று வீட்டில்தான் இருந்தாள். கீரை உருவிய நாளில் ஒரு வாக்கியத்தில் என்னை இறக்கிவிட்டிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்பதை இப்போதும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் கடிதம் வந்த அன்றும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

என்னவோ கேட்டிருந்தீர்கள். பையனுக்குப் புரியவைப்பது. வேண்டாம், விட்டுவிடுங்கள். மார்க்கோ மணலாகிக் கிடந்து எழும் காட்சியைத் தமிழ் டப்பிங்கில் பார்த்த தியேட்டரில் கைதட்டிய கூட்டத்தில் நானும் ஒருவன். அந்தக் காட்சியில் வசனம் கிடையாது, டப்பிங்குக்கும் வேலையில்லை. மகள் படம் உள்ள லாக்கெட்டை எடுக்கப் போகிறான், விரல்கள் உதிர்ந்து விழுகின்றன, மறுபடி கை சேர்கிறது. உங்கள் மகன் அதைத்தான் பார்த்திருப்பான். பக்கத்தில் இருந்துகொண்டு நீங்கள் வில்லன்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

அன்புடன்.