சோதனைக் குழாயும் இருப்புச்சட்டியும்: காளான் கேள்விகள்

கே: "ஆன்டி ஆக்ஸிடன்ட் நிறைந்த காளான் சாறு" என்று டப்பாவில் போட்டிருக்கிறதே, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? (காரைக்குடி)

ப: ஆன்டி ஆக்ஸிடன்ட் என்பது ஆக்ஸிஜனேற்றத்தால் செல்கள் சேதமாவதைத் தடுக்கிற பொருள். அதை அளக்க டிபிபிஹெச் என்று கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கரைசல் உண்டு. காளானைக் காயவைத்துப் பொடித்து, வெந்நீரிலோ எத்தனாலிலோ ஊறவைத்து வடித்த சாற்றை அதில் விட்டால், ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு வீரியம் என்று கணக்கு. சோதனைக் குழாய்க்கு அது சரி. உடம்பில் குடல், கல்லீரல் என்று எத்தனை சுங்கச்சாவடி!

ஆனாலும் எர்கோதயோனின் என்ற ஆன்டி ஆக்ஸிடன்டுக்கு நான் மரியாதை வைத்திருக்கிறேன். 1909இல் தானியக் கதிரைத் தாக்கும் எர்காட் பூஞ்சையில் கண்டெடுத்தது. நம் உடம்பு இதைத் தயாரிக்காது, உணவில்தான் வரவேண்டும், காளானில் தாராளம். இதை உள்ளே இழுத்துக்கொள்ளவே செல்களில் தனிப் புரதம் இருக்கிறது. சூட்டுக்கு எளிதில் அழியாது, தண்ணீரில் கரையும். ஆகவே காளானை வேகவைத்து நீரை வடித்துக் கொட்டுகிறவர்கள் இதையும் சேர்த்துக் கொட்டுகிறார்கள். நம் மிளகு வறுவலில் அந்தக் கவலையில்லை. உப்புப் பட்டதும் காளான் விடுகிற நீர் இருப்புச்சட்டியிலேயே சுண்டி, மசாலாவோடு ஒட்டிக்கொள்கிறது.

கே: வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. சிப்பிக் காளான் சாறு ஏதோ நொதியைத் தடுக்குமாமே, மாத்திரையைக் குறைக்கலாமா? (தேவகோட்டை)

ப: வேண்டாம், ஆச்சி. மாவுச்சத்தை உடைக்கிற ஆல்ஃபா அமைலேஸ், ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் ஆகிய நொதிகளைச் சில காளான் சாறுகள் சோதனைக் குழாயில் மந்தப்படுத்துவது உண்மை. சர்க்கரைக்குத் தருகிற அகார்போஸ் மாத்திரையும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. உடையாத மாவு பெருங்குடலில் புளித்து வயிறு உப்புவது அதன் தொல்லை. மாத்திரையில் மருந்து இத்தனை மில்லிகிராம் என்று நிச்சயம் உண்டு. காளானிலோ ரகம், வளர்ந்த வைக்கோல், சாறு எடுத்த விதம் எல்லாம் அளவை மாற்றிவிடும். உருளைக்கிழங்கு ரோஸ்ட் வைக்கிற இடத்தில் காளானை வையுங்கள். தட்டில் மாவுச்சத்து குறையும்; அந்த லாபத்துக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை.

கே: நறுக்கிய மொட்டுக் காளான் பழுப்பாகிறது. கெட்டுவிட்டதா? (கானாடுகாத்தான்)

ப: இல்லை. டைரோசினேஸ் என்ற நொதி காற்றுப் பட்டதும் செய்கிற வேலை. எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டால் மட்டுப்படும். நம் தோலுக்கு நிறம் தருவதும் இதே இனத்து நொதிதான். சிவப்பழகு க்ரீமுக்கான பொருள்களை ஆய்வகங்கள் முதலில் சோதிப்பது பெரும்பாலும் காளானிலிருந்து எடுத்த டைரோசினேஸில்! காளானை வெளுக்கவைத்தது கன்னத்தையும் வெளுக்கவைக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. காளான் வழுவழுத்து வாடையடித்தால் மட்டும் எறியுங்கள்.

கே: கல்பாசியும் காளான்தானா? (பள்ளத்தூர்)

ப: பங்காளி முறை. பூஞ்சையும் பாசியும் கூட்டுக்குடித்தனம் நடத்துகிற லைக்கன் அது.

கே: மழைக்குப் பின் கொல்லையில் முளைக்கும் காளானை மஞ்சள் போட்டுச் சோதித்தால் போதும் என்கிறார் அப்பத்தா. சரியா? (கோட்டையூர்)

ப: மஞ்சள், வெள்ளிக்கரண்டி எதுவும் விஷத்தைக் காட்டிக்கொடுக்காது. அமாடாக்சின் என்ற நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. வாந்தி நின்று ஆள் தேறியதுபோல் தெரிகிற நேரத்தில்தான் அது கல்லீரலைத் தின்றுகொண்டிருக்கும். இன்ன காளான் என்று அடித்துச் சொல்ல ஆளில்லாவிட்டால் கொல்லையிலேயே இருக்கட்டும்.