எக்ஸ்ட்ரூடரைத் தாண்டிய பகுதியைப் பாருங்கள்

வணக்கம் ஐயா. பல்லடம் பக்கம் உள்ள தங்கள் நாய்த்தீவன ஆலையில், எக்ஸ்ட்ரூடர் (தீவன மாவை அழுத்தி வேகவைத்துப் பிதுக்கும் இயந்திரம்) 120 டிகிரியில் ஓடியும் மூட்டை கட்டிய தீவனத்தில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். முறையாக ஓடும் எக்ஸ்ட்ரூடரின் சூட்டையும் அழுத்தத்தையும் அக்கிருமி தாங்குவது அரிது என்பதால், வெந்த பிறகே அது சேர்கிறது என்று கருதுகிறேன். வெப்பத்தை மேலும் கூட்டினால் மின்கட்டணம்தான் ஏறும்.

முதலில், வெந்த தீவனத்தை ஆறவைக்கும் கூலரின் மேல்மூடியைத் திறந்து, உட்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். சூடான தீவனத்தின் ஆவி அங்கே நீராகப் படிந்து, தூசியோடு குழைந்து களியாக ஒட்டியிருந்தால், கிருமி பெருகிச் சொட்டுச் சொட்டாகக் கீழே விழும் இடம் அதுவாகவே இருக்கக்கூடும். கூலர் இழுக்கும் காற்று, தீவனத்தின் மூலப்பொருளான கோழித்தூள் இருக்கும் கிடங்குப் பக்கமிருந்து வருகிறதா என்பதையும் கவனியுங்கள்; நம் பகுதியின் ஆடிக்காற்றுக்கு அந்தத் தூள் எங்கும் பறக்கும்.

கூலரையும், தீவனத்தை மேலே ஏற்றும் எலிவேட்டரின் அடிப்பகுதியையும் தண்ணீர் அடித்துக் கழுவாதீர்கள், ஏனெனில் உலர்ந்த தூசியில் மாதக்கணக்கில் உறங்கும் சால்மோனெல்லா ஈரம் பட்டதும் பெருகத் தொடங்கிவிடும். சுரண்டி, வேக்குவம் வைத்து உறிஞ்சுவதே சரி. வெந்த தீவனத்தின் மேலே தெளிக்கும் கோழிக்கொழுப்பு, இன்னும் வேகாத மூலத்தூள் பக்கம் புழங்கிய மண்வெட்டி, செருப்பு ஆகியவையும் சந்தேகத்துக்குரியவையே. தீவனத்தை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பாமல், இவ்விடங்களில் தனித்தனியே ஸ்வாப் (பஞ்சால் துடைத்தெடுக்கும் மாதிரி) எடுத்து அனுப்புங்கள்.