கனடாவில் படித்து முடித்தபின் வேலை அனுமதி யாருக்குக் கிடைக்கும்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்விகள் குவிந்துவிட்டன, நன்றி. ஏறக்குறைய எல்லாமே பிஜிடபிள்யூபி பற்றித்தான், அதாவது கனடாவில் படிப்பை முடித்த வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடைக்கும், எந்த முதலாளியிடமும் வேலை பார்க்க விடும் ஓப்பன் வொர்க் பெர்மிட். உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகராக இந்த விண்ணப்பங்களைத்தான் தினமும் பார்க்கிறேன். நிராகரிப்புக் கடிதத்தோடு வருகிறவர்களில் பலருக்குப் பிரச்சினை படிவத்தில் இருக்காது. எந்தக் கல்லூரியில் சேர்ந்தார்கள், எந்த செமஸ்டரில் எத்தனை பாடம் எடுத்தார்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார்கள் என்பதில்தான் எல்லாம் முடிவாகியிருக்கும். அதனால் இப்போது முதல் செமஸ்டரில் இருப்பவர்களும் இதைப் படியுங்கள்.

கேள்வி: என் படிப்பு ஒரு வருடம்தான். பெர்மிட் எவ்வளவு காலத்துக்குத் தருவார்கள்?

படிப்பு குறைந்தது 8 மாதமாவது இருக்க வேண்டும். 8 மாதத்திலிருந்து 2 வருடத்துக்குள் என்றால் படிப்பின் நீளம் எவ்வளவோ அவ்வளவு காலத்துக்குப் பெர்மிட். 2 வருடமோ அதற்கு மேலோ என்றால் 3 வருடம். மாஸ்டர்ஸ் படிப்புக்கு மட்டும் 2024 பிப்ரவரி 15 முதல் தனிச் சலுகை உண்டு, 8 மாத மாஸ்டர்ஸாக இருந்தாலும் 3 வருடம் தரலாம். ஒரு வருடப் படிப்புகள் இரண்டை, ஒன்றை அடுத்து ஒன்றாக, 2 வருடத்துக்குள் முடித்தால் இரண்டின் காலத்தையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்லலாம். இரண்டுமே தனித்தனியாகத் தகுதி உள்ள படிப்பாக இருக்க வேண்டும். ஆங்கிலம் கற்றுக்கொள்வதற்கான மொழி வகுப்பு இந்தக் கணக்கில் வராது.

கேள்வி: அண்ணா, நான் சேரப்போகும் கல்லூரி டிஎல்ஐ பட்டியலில் இருக்கிறது, அதனால் வேலை அனுமதி உறுதி என்று ஏஜென்ட் சொல்கிறார். நம்பலாமா?

நம்ப வேண்டாம் தம்பி. டிஎல்ஐ பட்டியலில் இருப்பது, அந்தக் கல்லூரி வெளிநாட்டு மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதற்கான அனுமதி மட்டும்தான். அங்கே படித்தால் வேலை அனுமதி உண்டா என்பது தனிக் கேள்வி. குடிவரவுத் துறையின் தளத்திலேயே ஒவ்வொரு கல்லூரிக்கும் நேராக அதற்கென்று தனியாகப் போட்டிருப்பார்கள், அதை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். தனியார் தொழிற்கல்லூரிகள் பல அதில் வராது.

இன்னொரு பொறியும் இருக்கிறது. அரசுக் கல்லூரியின் பெயரில் சான்றிதழ் தருவார்கள், வகுப்பு நடப்பது தனியார் கல்லூரிக் கட்டடத்தில். இந்தக் கூட்டு ஏற்பாட்டில் 2024 மே 15 முதல் படிப்பைத் தொடங்கியவர்களுக்கு இந்தப் பெர்மிட் கிடையாது. சேர்க்கைக் கடிதத்தில் அரசுக் கல்லூரியின் சின்னம் இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல், வகுப்பு எந்த வளாகத்தில், யார் நடத்துகிறார்கள் என்று கல்லூரிக்கே மின்னஞ்சல் எழுதிப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட்டின் வாய்வார்த்தை நாளைக்கு அதிகாரி முன்னால் நிற்காது, குடும்பம் கடன் வாங்கிக் கட்டிய பணமும் திரும்பி வராது.

கேள்வி: படிப்புத் துறைப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறதாமே? அடிக்கடி மாற்றுகிறார்களாமே?

ஆமாம். 2024 நவம்பர் 1 அல்லது அதற்குப் பிறகு ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பித்து, டிப்ளமோ, சான்றிதழ் போன்ற படிப்பில் சேர்ந்தவர்கள் அந்தப் பட்டியலில் உள்ள துறையில் படித்திருக்க வேண்டும். இளநிலைப் பட்டம், மாஸ்டர்ஸ், முனைவர் பட்டம் படிப்பவர்களுக்கு இந்த நிபந்தனை இல்லை. அந்தத் தேதிக்கு முன்பே ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தவர்களுக்கும் இல்லை.

பட்டியல் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் நீங்கள் ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தபோதோ வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போதோ, இரண்டில் ஒரு சமயத்தில் உங்கள் துறை பட்டியலில் இருந்தால் போதும். படிப்பின் பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஆறு இலக்க சிஐபி எண் என்று ஒன்று ஒவ்வொரு படிப்புக்கும் உண்டு, அதைக் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, விண்ணப்பித்த நாளின் பட்டியலையும் சேமித்து வையுங்கள்.

கேள்வி: சேரும்போதே ஐஇஎல்டிஎஸ் கொடுத்தேன். மறுபடியும் எழுத வேண்டுமா?

பெரும்பாலும் எழுத வேண்டிவரும். 2024 நவம்பர் 1 முதல் வேலை அனுமதி விண்ணப்பத்தோடு மொழித் தேர்வு முடிவும் வைக்க வேண்டும், விண்ணப்பிக்கும் நாளில் அது 2 வருடத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். கல்லூரிச் சேர்க்கைக்கு நீங்கள் எழுதியது அகாடமிக் தேர்வாக இருக்கும். இங்கே கேட்பது ஜெனரல் டிரெயினிங். செல்பிப் ஜெனரல், பிடிஇ கோர் ஆகிய ஆங்கிலத் தேர்வுகளையும் ஏற்பார்கள். பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்குக் கனடாவின் மொழித்திறன் அளவுகோலான சிஎல்பியில் 7, அதாவது ஐஇஎல்டிஎஸ் ஜெனரலில் நான்கு பிரிவிலும் 6.0. கல்லூரி டிப்ளமோ என்றால் சிஎல்பி 5. கடைசி செமஸ்டரிலேயே எழுதிவிடுங்கள், ஒரு பிரிவில் அரை மதிப்பெண் குறைந்தாலும் மறுபடி எழுத நேரம் இருக்கும்.

கேள்வி: அண்ணா, மூன்றாவது செமஸ்டரில் உடம்பு சரியில்லாமல் இரண்டு பாடங்களை விட்டுவிட்டேன், பகுதிநேர மாணவி ஆகிவிட்டேன். எல்லாம் போச்சா?

போச்சு என்று சொல்லமாட்டேன்மா, ஆனால் இதைச் சாதாரணமாகவும் எடுத்துக்கொள்ள முடியாது. விதி என்ன கேட்கிறது என்றால், ஒவ்வொரு செமஸ்டரிலும் முழுநேர மாணவியாக இருந்திருக்க வேண்டும். கடைசி செமஸ்டருக்கு மட்டும் விலக்கு உண்டு, மிச்சம் ஒன்றிரண்டு பாடம்தான் இருக்கிறது என்றால் அப்போது பகுதிநேரமாகப் படிக்கலாம். நடுவில் பகுதிநேரம் ஆனால் அதிகாரி கட்டாயம் கேள்வி கேட்பார், டிரான்ஸ்கிரிப்டில் அது பளிச்சென்று தெரியும்.

அந்தச் சமயத்து மருத்துவச் சான்று, மருந்துச் சீட்டு, கல்லூரிக்கு எழுதிய மின்னஞ்சல்கள், ஆலோசகரைச் சந்தித்த பதிவு எல்லாவற்றையும் இப்போதே திரட்டுங்கள், கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் பிரிவில் ஒரு விளக்கக் கடிதமும் கேளுங்கள். விண்ணப்பத்தில் இதை மறைக்காமல், தேதி வாரியாக நடந்ததைச் சொல்லி ஒரு கடிதம் இணையுங்கள். முழுநேரம் படித்தேன் என்று பொய்யாக எழுதினால், தகுதிக் குறைவு என்பதோடு முடியவேண்டிய விஷயம் தவறான தகவல் கொடுத்த குற்றமாகி, 5 வருடம் கனடாவுக்குள் வரமுடியாத தடையில் கொண்டுபோய் விடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பகுதிநேரமாக இருந்த அந்த செமஸ்டரில் வளாகத்துக்கு வெளியே வேலை பார்த்தீர்களா? பார்த்திருந்தால் தனியாக ஒரு ஆலோசகரிடமோ வழக்கறிஞரிடமோ காட்டிவிட்டு விண்ணப்பியுங்கள். மற்றவர்களுக்கும் சொல்கிறேன், உடம்போ மனமோ தாங்கவில்லை என்றால் பாடத்தைச் சத்தமில்லாமல் விடாதீர்கள். கல்லூரியிடம் முறைப்படி விடுப்பு கேளுங்கள், 150 நாள் வரை அங்கீகரிக்கப்பட்ட விடுப்பில் இருக்கலாம். அந்த நாட்களில் வேலை மட்டும் பார்க்கக் கூடாது.

கேள்வி: வாரம் 24 மணி நேரமா, 20 மணி நேரமா? இரண்டு இடத்தில் வேலை பார்க்கலாமா?

வளாகத்துக்கு வெளியே பார்க்கும் வேலைக்கு 2024 நவம்பர் 8 முதல் 24 மணி நேரம், இது வகுப்புகள் நடக்கும் காலத்துக்கு. எத்தனை இடத்தில் பார்த்தாலும் மொத்தம் 24தான். டெலிவரி ஆப்பில் ஓட்டுவதும் சேரும். ஒரு வாரம் 30, அடுத்த வாரம் 18, சராசரி சரியாக வருகிறதே என்ற கணக்கு செல்லாது. கல்லூரியே அறிவித்த விடுமுறையில், அதற்கு முன்னும் பின்னும் நீங்கள் முழுநேர மாணவராக இருந்தால், வரம்பு கிடையாது. கனடாவுக்கு வெளியே உள்ள முதலாளிக்கு ஆன்லைனில் செய்யும் வேலை இந்த 24-இல் சேராது. கையில் காசாகச் சம்பளம் தருகிறேன், பதிவே இருக்காது என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். சம்பளமே தராமல் ஏமாற்றினாலும் உங்களால் வாய்திறந்து புகார் சொல்ல முடியாத நிலையில் உங்களை வைப்பதற்குத்தான் அந்த ஏற்பாடு.

கேள்வி: படிப்பு ஏப்ரலில் முடிந்தது. பட்டமளிப்பு அக்டோபரில். சான்றிதழ் கையில் வந்தபின் விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறேன்.

காத்திருக்காதீர்கள், இன்றைக்கே ஆரம்பியுங்கள்! படிப்பை முடித்துவிட்டீர்கள் என்று கல்லூரி முதன்முதலில் எழுத்தில் உறுதிசெய்த நாளிலிருந்து 180 நாள்தான் அவகாசம். இறுதி டிரான்ஸ்கிரிப்ட், முடித்ததற்கான கடிதம் எது முதலில் வந்ததோ அன்றே நாள் ஓடத் தொடங்கிவிடும், மேடையேறிப் பட்டம் வாங்கும் நாளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த 180 நாளுக்குள் ஏதாவது ஒரு கட்டத்தில் உங்கள் ஸ்டடி பெர்மிட் செல்லுபடியாக இருந்திருக்கவும் வேண்டும்.

ஸ்டடி பெர்மிட்டில் அச்சிட்ட தேதியை மட்டும் பார்த்து நிம்மதியாக இருக்காதீர்கள். படிப்பு முடிந்து 90 நாளில் அது காலாவதியாகிவிடும், அச்சிட்ட தேதி அதற்கு முன்னால் வந்தால் அன்றே முடிந்துவிடும். காலாவதியாகிவிட்டால் 90 நாளுக்குள், சட்டப்படித் தங்கும் நிலையை மீட்கும் விண்ணப்பத்தோடு சேர்த்துப் போடலாம், அல்லது நாட்டை விட்டு வெளியே போய் 180 நாளுக்குள் அங்கிருந்து போடலாம். இரண்டிலும் பெர்மிட் வரும்வரை வேலை பார்க்க முடியாது.

கேள்வி: விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும்போது வேலை பார்க்கலாமா?

ஸ்டடி பெர்மிட் உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பித்து, படிப்பையும் முடித்து, படிக்கும்போது மணிநேர வரம்பை மீறாமலும் இருந்திருந்தால், முடிவு வரும்வரை முழுநேரமாகவே வேலை பார்க்கலாம். ஆனால் படிப்பு முடிந்த தகவல் வந்த நாளுக்கும் விண்ணப்பம் போட்ட நாளுக்கும் நடுவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. அந்த இடைவெளியில் ஷிஃப்ட் எடுக்காமல், முதலில் விண்ணப்பத்தை அனுப்பிக் கட்டண ரசீதை வாங்கிவிட்டு வேலைக்குப் போங்கள். வொர்க் பெர்மிட் கட்டணமும் ஓப்பன் பெர்மிட்டுக்கான தனிக் கட்டணமும் சேர்த்து 255 கனடிய டாலர்.

கேள்வி: பாஸ்போர்ட் அடுத்த வருடம் முடிகிறது, பரவாயில்லையா?

பாஸ்போர்ட் முடியும் நாளோடு பெர்மிட்டையும் வெட்டிவிடுவார்கள். புதுப் பாஸ்போர்ட் வாங்கி மிச்சக் காலத்துக்கு நீட்டிக்கக் கேட்கலாம், ஆனால் அந்த அலைச்சல் எதற்கு, முன்பே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிப்ளமோ முடித்து ஒருமுறை இந்தப் பெர்மிட் வாங்கினேன். இப்போது மாஸ்டர்ஸ் சேர்ந்தால் இன்னொன்று கிடைக்குமா?

கிடைக்காது, வாழ்நாளில் ஒரு தடவைதான். அதனால்தான் 8 மாதப் படிப்பு முடித்ததும் அவசரப்பட்டு விண்ணப்பிக்க வேண்டாம் என்று சொல்வேன். அடுத்த படிப்புக்குப் போகும் எண்ணம் உறுதியாக இருந்தால் அதை முடித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கும் வேலை அனுமதி வாங்க முடியுமா? நான் 2 வருட டிப்ளமோ படிக்கிறேன்.

நீங்கள் மாணவராக இருக்கும்வரை, இந்தப் படிப்பை வைத்து முடியாது. 2025 ஜனவரி 21 முதல் முனைவர் பட்டம், 16 மாதமோ அதற்கு மேலோ உள்ள மாஸ்டர்ஸ், குறிப்பிட்ட சில தொழில்முறைப் படிப்புகள் ஆகியவற்றைப் படிப்பவரின் மனைவிக்கோ கணவருக்கோதான் ஓப்பன் பெர்மிட்.

கேள்வி: படிக்கும்போது பார்த்த பகுதிநேர வேலை பிஆருக்கு, அதாவது நிரந்தர வதிவுரிமைக்கு, கணக்கில் வருமா?

கனடாவில் பார்த்த வேலையை வைத்து பிஆர் கேட்கும் கனடிய அனுபவப் பிரிவுக்கு வராது, முழுநேர மாணவராக இருந்தபோது பார்த்த வேலையைச் சேர்க்கமாட்டார்கள். பெர்மிட் கிடைத்தபின் சுயதொழில் செய்ய அனுமதி உண்டு, ஆனால் அந்த அனுபவமும் இந்தப் பிரிவில் சேராது. பிஆர்தான் குறி என்றால் கனடா அரசின் வேலை வகைப்பாட்டில் டீயர் 0, 1, 2, 3 என்று வரும் வேலையில் சம்பளத்துக்குச் சேர்ந்து 1,560 மணி நேரம் முடிக்கப் பாருங்கள். சேரும் நாளிலேயே வேலைப் பொறுப்புகளை விவரமாக எழுதிய கடிதம் தருவார்களா என்று கேட்டுவிடுங்கள், வேலையை விட்டு ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டால் பல முதலாளிகள் தரமாட்டார்கள்.