முடிச்சுப் போட்ட கயிறு

அன்புள்ள ஐயா,
நான் உயர்தரத்தில் புவியியல் படிக்கிறேன். பாடசாலை ஆய்வுக் கட்டுரைக்கு ‘யாழ்ப்பாணத்தின் நிலத்தடி நீர்’ என்று தலைப்பு எடுத்திருக்கிறேன். பதினொரு உபதலைப்புகளை எழுதி இணைத்துள்ளேன். எந்த ஒழுங்கில் எழுதுவது? எத்தனை பக்கம் வரவேண்டும்? முன்னட்டை எப்படி இருக்கலாம்?
ஒரு மாணவி, கோப்பாய்

அன்புள்ள பிள்ளைக்கு,

முன்னட்டையை விடும். பக்கக் கணக்கை ரீச்சரிடம் கேளும். அந்தப் பதினொரு தலைப்புகளைப் பார்த்துத்தான் எனக்கு எரிச்சல் வந்தது. வரலாறு, புவியமைப்பு, மழைவீழ்ச்சி என்று தொடங்கித் ‘தீர்வுகள்’ வரை போயிருக்கிறீர். ஒரு கேள்விகூட இல்லையே! பிறகு எதை ஒழுங்குபடுத்துவது?

நானும் இதே கூத்தை ஆடியவன்தான். இதே தலைப்பில் இருபது பக்கம், எல்லாம் புத்தகம் பார்த்து எழுதியது. சேர் கொப்பியைப் புரட்டிவிட்டு, “உங்கட கிணத்தில இப்ப தண்ணி எத்தனை அடியில நிக்குது?” என்றார். தினமும் விடிய அந்தக் கிணற்றில் அள்ளிக் குளிக்கிறவன் முழிசிக்கொண்டு நின்றேன்.

அன்று பின்னேரமே வாளிக் கயிற்றில் அடிக்கொரு முடிச்சுப் போட்டேன். கயிற்றைப் பழுதாக்குகிறேன் என்று அம்மம்மா ஏசினார். ஞாயிறுதோறும் முடிச்சை எண்ணிக் குறித்தேன். தையில் கிணற்றுக் கட்டிலிருந்து எட்டு முடிச்சில் நின்ற தண்ணீர் வைகாசியில் பதினைந்துக்குப் போய்விட்டது. பக்கத்து வெங்காயத் தோட்டத்தில் இறைப்பு மெசின் ஓடிய கிழமைகளில் இன்னும் வேகமாக இறங்கியது. ஆனியில் அம்மம்மா, “தேத்தண்ணி கரிக்குதடா” என்றார்.

அப்புறம்தான் புத்தகமே விளங்கியது. வருடம் முழுக்க ஓடும் ஆறு நமக்கில்லை. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, பாரமான கடல்நீரின் மேல் நன்னீராக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு அடி குறைந்தால் கீழே உப்பு எவ்வளவு ஏறும், யோசித்துப் பாரும்.

இறைப்புக் கிழமைகளில் எங்கள் கிணறு ஏன் கூட இறங்குகிறது? இதுதான் என் கேள்வி என்று தெரிந்ததும் தலைப்புகள் நாலாகச் சுருங்கிவிட்டன: என்ன கேட்டேன், எப்படி அளந்தேன், என்ன கண்டேன், எங்கே பிழை வந்திருக்கலாம். ஒழுங்கும் அதுதான்.

‘நூலகம்’ இணையத்தளத்தில் பழைய சஞ்சிகைகள் கிடைக்கும். வாசிக்கும்போதே பக்க எண்ணைக் குறித்துவிடும்.

இப்போது எல்லா வீட்டிலும் மோட்டர்தானே, கயிற்றுக்கு எங்கே போவது என்பீர். கடையில் வாங்கும். வாளியை இறுக்கிக் கட்டும். என்னுடையது ஒருநாள் அவிழ்ந்து விழுந்து, அம்மம்மா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.