'ஓகே' என்றால் உண்மையில் என்ன? எங்கிருந்து வந்தது?

'ஏற்கத்தக்கது' என்பதுதான் இதன் அடிப்படைப் பொருள். சம்மதம் சொல்லும்போது அது நம்முடைய 'சரி'. ஒன்றை மதிப்பிடும்போது மட்டும் சற்று இறங்கி, 'பரவாயில்லை, சுமார்' என்றாகிவிடும். சாம்பார் எப்படி என்று கேட்டவரிடம் "ஓகே" என்று சொல்லிப் பாருங்கள், முகம் எப்படிப் போகிறதென்று தெரியும்! குறை இல்லை என்கிறோமே தவிர, பாராட்டவில்லை.

பிறந்த கதை வேடிக்கையானது. 1830களின் இறுதியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பத்திரிகைகளில், சொற்களை வேண்டுமென்றே தப்பாக எழுதி முதல் எழுத்துகளாகச் சுருக்குவது ஒரு விளையாட்டு. இன்று வாட்ஸ்அப்பில் நாம் 'குட் நைட்'டை 'ஜிஎன்' ஆக்குகிறோமே, கிட்டத்தட்ட அதே குறும்பு. 'எல்லாம் சரி' என்று பொருள்படும் 'ஆல் கரெக்ட்' என்பதன் முதல் எழுத்துகள் ஏ, சி. அதைக் கொச்சையாக ஓ, கே என்று தொடங்கி எழுதினார்கள். 1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' இதழில் அது அச்சானது. அடுத்த ஆண்டு அதிபர் தேர்தல். அதில் மீண்டும் போட்டியிட்ட அதிபர், கிண்டர்ஹூக் ஊர்க்காரரான மார்ட்டின் வான் பியூரனை 'ஓல்ட் கிண்டர்ஹூக்' என்று அழைத்த ஆதரவாளர்கள், ஓ.கே. என்பதையே முழக்கமாக்கினார்கள். அவர் தோற்றார், சொல் நிலைத்துவிட்டது.

அப்புறம், அமெரிக்க உள்நாட்டுப் போரில் 'ஜீரோ கில்டு', அதாவது யாரும் சாகவில்லை என்று எழுதியதன் சுருக்கம்தான் இது (பூஜ்ஜியம் 'ஓ' ஆனது, 'கில்டு' என்பதன் முதல் எழுத்து 'கே') என்று ஒரு கதை சுற்றுகிறது. ஆனால் அந்தப் போர் தொடங்கியதே 1861இல்தான். ஓகே அச்சேறி அதற்குள் 22 ஆண்டுகள் ஆகியிருந்தன.