சந்தனம் போனது யாரால்?

கேள்வி: ஆற்றையும் மழைக்காட்டையும் காப்பாற்ற ஆதிவாசிகளின் அறிவுதான் வழி என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். இங்கே சித்தேரிப் பக்கம் மலையாளிப் பழங்குடி மக்களும், அஞ்செட்டிப் பக்கம் இருளர்களும் மாடு மேய்ப்பதையும் சருகுக்குத் தீ வைப்பதையும் கண்ணால் பார்க்கிறோம். காட்டை அழிப்பவர்களுக்கு எதற்கு இந்தப் பாராட்டு?
— ஒரு வாசகர், அரூர்

பதில்: இந்தக் கேள்வி அரூரிலிருந்து வந்திருக்க வேண்டாம். வாச்சாத்தி உங்களுக்குப் பக்கத்து ஊர், அந்த மலையாளிப் பழங்குடிகளின் ஊர். சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து உள்ளே புகுந்து என்ன செய்தன என்பது தெரியாதா? 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். ஊரையே அடித்து நொறுக்கினார்கள். குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த அத்தனை பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் தர்மபுரி நீதிமன்றம் சொன்னது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ததோடு, உண்மையான கடத்தல்காரர்களைத் தப்பவிட்டு ஊர்க்காரர்களை வதைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னது. ‘காட்டை அழிப்பவர்கள்’ என்ற முத்திரையை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

சரி, தீக்கு வருவோம். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர் பழங்குடிகள் கோடை முற்றும் முன்பே சருகுக்குச் சின்னதாகத் தீ வைப்பார்கள். அது தரையோடு ஓடி அணைந்துவிடும். உண்ணிச்செடி என்ற களையின் கன்றுகள் கருகும், நெல்லி மரத்தைப் பிடிக்கும் புல்லுருவியும் கட்டுக்குள் இருக்கும். 1974இல் அந்தக் காடு சரணாலயம் ஆனது, அப்புறம் தீ வைப்பதும் நின்றது. உண்ணிச்செடி ஆள் உயரத்துக்குப் புதராக மண்டியது. இப்போது எங்காவது தீப்பிடித்தால் அந்தப் புதர் வழியாக மரத்தின் உச்சிக்கே ஏறுகிறது. இதைச் சோளகர்கள் பல காலமாகச் சொல்லிவந்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் காது கொடுக்கத் தாமதமானது. அதற்காக யாரும் எப்போது வேண்டுமானாலும் கொளுத்தலாம் என்று நான் சொல்லவில்லை. எந்த மாதம், எந்தச் சரிவு, எந்தக் காற்று என்று தெரிந்து தீ வைப்பதற்கும், பீடியை வீசிவிட்டுப் போவதற்கும் வித்தியாசம் உண்டு.

மேய்ச்சலில் உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். மாடு பெருத்தால் காடு தாங்காது. ஆனால் எத்தனை மாடு, எந்தப் பக்கம், எத்தனை மாதம் என்பதை யார் முடிவு செய்வது? 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஊர்க்காட்டைக் காக்கும் அதிகாரத்தையே கிராம சபைக்குக் கொடுக்கிறது. அந்த உரிமையைக் கேட்டு நிற்பவரை ஆண்டுக்கணக்கில் அலையவிட்டுவிட்டு, ‘இவர்களுக்குப் பொறுப்பில்லை’ என்று சொல்வது நியாயமா? முடிவெடுக்கும் இடத்தில் இல்லாதவரின் அறிவு என்ன பலன் தரும், மூலிகைப் பட்டியலாக அச்சடித்து விற்கத்தான் ஆகும்.

அமேசானில் நடந்ததும் இதுதான். ஈக்வடாரின் வாவ்ரானி மக்கள் தங்கள் காட்டில் எங்கே மூலிகை, எங்கே வேட்டை, எங்கே ஓடை என்று தாங்களே வரைபடம் போட்டார்கள். அரசின் எண்ணெய் வரைபடத்திலோ அந்த இடம் ஏலத்துக்கான வெறும் கட்டமாக இருந்தது. எங்களை முறையாகக் கேட்கவில்லை என்று வழக்குப் போட்டு 2019இல் வென்றார்கள். சுமார் 2 லட்சம் ஹெக்டேர் மழைக்காடு எண்ணெய்க் கிணறுகளிடமிருந்து தப்பியது. நம்முடையது மழைக்காடு இல்லை, வறண்ட இலையுதிர் காடு. காவிரிக் கரை நீர்மருதுக்கும் நீர்நாய்க்கும் அதனால் மதிப்புக் குறைந்துவிடாது.

ஆற்றைப் பற்றியும் சொல்லியிருக்கிறீர்கள். ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறக்கும்போதெல்லாம் தென்பெண்ணையில் நுரை மலைபோல் பொங்குகிறதே, அது பெங்களூரின் சாக்கடையும் ஆலைக் கழிவும். அதில் எந்த இருளருக்குப் பங்கு என்று விசாரித்து, அடுத்த கேள்வியாக எழுதி அனுப்புங்கள்.