வாயைக் கட்டணுமாம்ல!

கேள்வி: சுகர், பிபி எல்லாம் வாயைக் கட்டாததால வர்ற வியாதி. ஓசி அரிசிய வாங்கி மூணு வேளையும் சோறா தின்னுட்டு வாக்கிங்கும் போகாதவங்களுக்கு, 'மக்களைத் தேடி மருத்துவம்'னு எங்க வரிப்பணத்துல வீடு தேடிப் போய் மாத்திரை குடுக்கணுமா? – ஒரு வாசகர், சேலம்

பதில்: குடுக்கணும்.

ஓசி அரிசிக்கு வருவோம். 2011 ஜூன்லேருந்து ரேஷன்ல அரிசி ஃப்ரீ, கார்டுக்கு கிலோ கணக்குல கிடைக்குது, அது பட்டினிய வெரட்டுச்சு, அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல. ஆனா அதே கடைல துவரம்பருப்பு மாசத்துக்கு ஒரே கிலோ, 30 ரூபா. நாலு பேர் இருக்கற வீட்ல ஒரு கிலோ பருப்பு எத்தன நாளைக்கு வரும்னு உங்க வீட்டம்மாகிட்ட கேட்டுப் பாருங்க. தட்டுல சோறு மலையாவும் கொழம்பு தண்ணியாவும் இருக்குன்னா அது நாக்கு ருசி இல்ல சார், கையில இருக்கற காசுக்கு அவ்ளோதான் வரும்.

சுகர் பணக்கார வியாதிங்கறதெல்லாம் அந்தக் காலம். நாட்டுல 10 கோடிப் பேருக்கு மேல சுகர்னு 2023ல சொன்ன அதே ஐசிஎம்ஆர்-இன்டியாப் சர்வே (மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆதரவுல நடந்த சுகர் சர்வே), 15 மாநிலக் கணக்க 2017ல வெளியிட்டப்பவே, வசதியான மாநிலங்கள்ல டவுன் பக்கம் பாத்தா இருக்கறவங்கள விட இல்லாதவங்களுக்குத்தான் சுகர் ஜாஸ்தின்னு சொல்லிருச்சு. இன்னொண்ணு, புனேல சுகர் ஆராய்ச்சி பண்ற டாக்டர் யாஜ்னிக் டீம் அங்க பொறந்த கொழந்தைங்களயும் இங்கிலாந்து சவுத்தாம்ப்டன் கொழந்தைங்களயும் ஒப்பிட்டுப் பாத்தாங்க, நம்ம புள்ளைங்க சராசரி 2.7 கிலோ, அவங்க 3.5. எடை இம்புட்டு கொறைஞ்சும் கொழுப்பு மட்டும் அந்தளவுக்குக் கொறையல, அடிவாங்குனது சதை. இப்படிப் பொறக்கற ஒடம்புக்குப் பின்னால சுகர் வர வாய்ப்பு கூடுதல்ங்கறாங்க. வயித்துல இருக்கற புள்ள எந்த வாயைக் கட்டும்?

எங்க ஆபீஸ கூட்டிப் பெருக்க ஒரு அக்கா வரும், அஞ்சு வருஷமா சுகர். மெட்ஃபார்மின் காலைல ஒண்ணு, நைட்டு ஒண்ணு. காலை மாத்திரைய மட்டும் போடறதே இல்ல, பர்ஸுல அட்டை அப்படியே மடிச்சுக் கெடக்கு. ஏன்க்கான்னேன். "அதப் போட்டா வயித்தக் கலக்குது சார். ஆனா நான் போற மூணு வீட்லயும் பாத்ரூம கழுவத்தான் விடுவாங்க, போக விடமாட்டாங்க"ன்னுச்சு. தண்ணி குடிச்சாலும் அதே வம்புன்னு மதியம் வரைக்கும் ஒரு சொட்டு தண்ணியும் கிடையாது, சுகர் இருக்கற ஒடம்பு, சித்திரை வெயில்ல. (வாக்கிங் கேட்டீங்களே, விடியக்காலைல தெருக்குழாய்லேருந்து ஆறு கொடம், அப்புறம் மூணு வீட்டு மாடிப்படி. போதுமா?)

2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில ஆரம்பிச்ச திட்டம், நீங்க கேட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்'. முன்ன மாத்திரைக்குன்னு ஜிஹெச்ல கியூல நின்னா அந்த அக்காவுக்கு ஒரு நாள் கூலி போயிரும், இப்ப அது மிச்சம். உங்க வரிப்பணம் மாத்திரைய அது வீட்டு வாசல் வரைக்கும் கொண்டாந்து சேத்துருச்சு. வாசல்லேருந்து வாய்க்குப் போறதுதான் இழுக்குது, அதுக்கு வரிப்பணமே வேணாம்.

உங்க வீட்ல பாத்திரம் தேய்க்க வர்றவங்க எந்த பாத்ரூம் போறாங்கன்னு அடுத்த லெட்டர்ல எழுதுங்க, போடுறேன்.